கலகமும் கடைச்சரக்கா?

"பையன் தலையைப் பார்! மாட்டியிருக்கிற சட்டையைப் பார்! ஒருத்தன் ஆடினால் ஊரே ஆடுகிறது. சொந்த புத்தி என்பதே கிடையாது!" - இது பெரிய மனிதர்கள் பாடும் பல்லவி.

"கூட்டத்தோடு போகாதே, தம்பி! தனித்து நில்! நீ நீயாக இரு! அதற்கு இந்தச் சட்டையை வாங்கு, இந்த பூட்ஸை வாங்கு, இந்தப் பாட்டைக் கேள்!" - இது வியாபாரிகள் பாடும் அனுபல்லவி.

முதலாமவர் வாலிபனை வைகிறார். இரண்டாமவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுக்கிறார். பார்த்தால் இருவரும் பரம விரோதிகள் போலத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். அந்த வாலிபன் எங்கே வேலை செய்கிறான்? அவன் கூலி என்ன? அவன் ஆடுகிற பாட்டை உண்டாக்கியவன் யார்? அதில் குவிந்த பணம் யார் பெட்டிக்குள் போயிற்று? இந்தக் கேள்விகளை இருவருமே கேட்பதில்லை. மறந்தும் கேட்பதில்லை!

நாம் கேட்போம்.

அதற்கு நாம் எடுத்துக்கொள்வது பிரிட்டனின் கதை. 1950-களிலிருந்து அந்த நாட்டில் வாலிபர் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. டெடி பாய்கள், மாட்ஸ், ராக்கர்கள், ஸ்கின்ஹெட்கள், பங்க்குகள் என்று பல பெயர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டு, ஓர் உடை, ஒரு தலைவெட்டு.

"இங்கிலாந்துப் பையனின் தலைமுடியைப் பற்றி கோவை மில் தொழிலாளிக்கும் தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை?" என்று தோழர்கள் கேட்கலாம். கவலை உண்டு. அந்தப் பையன்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஆலை வாசலில் நின்றவர்கள். அவர்களை வைத்துப் பணம் பண்ணக் கற்றுக்கொண்ட வியாபாரம், இன்று கைப்போனுக்குள் புகுந்து நம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது.

கோட்டு ஒன்று, தோள் வேறு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, லண்டன் சாவில் ரோ தெருவின் உயர்தரத் தையற்கடைகள் பணக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய மோஸ்தரைத் தூசு தட்டி எடுத்தன. ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்து நீளக் கோட்டு அது. பிரபு வீட்டுப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது, அது நாகரிகம் என்று பேர் பெற்றது.

1950-களின் ஆரம்பத்தில் லண்டனின் தொழிலாளிப் பிள்ளைகள் வாரக் கூலியில் மிச்சம் பிடித்து அதே கோட்டைத் தைத்துப் போட்டார்கள். அவ்வளவுதான்! நாகரிகம் ஒரே இரவில் ரவுடித்தனம் ஆகிவிட்டது. பணக்காரர்கள் கோட்டைக் கழற்றி எறிந்தார்கள். பத்திரிகைகள் எட்வர்டு என்ற பேரைச் சுருக்கி 'டெடி பாய்' என்று பட்டம் சூட்டின. துணி அதே துணி, தையல் அதே தையல். உள்ளே இருந்த உடம்பு உழைக்கும் உடம்பாகப் போனதுதான் குற்றம்!

அடுத்தது 1964. ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் வாலிபர்கள் கூடினார்கள். குளிர், மழை, மூடிய கடைகள், செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்கூட்டரில் வந்த மாட்ஸ் கூட்டமும் மோட்டார் சைக்கிளில் வந்த ராக்கர் கூட்டமும் மோதிக்கொண்டன. கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தால் ஹிட்லர் படையே கரையிறங்கிவிட்டது போல ஒரே கூப்பாடு! அடுத்த விடுமுறைகளில் மார்கேட், பிரைட்டன் ஊர்களிலும் அதே கதை. மாஜிஸ்திரேட்டுகள் ஆசனத்திலிருந்து பிரசங்கம் செய்து அபராதமும் சிறையும் விதித்தார்கள்.

ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியல் அறிஞர் இந்தக் கூப்பாட்டை ஆராய்ந்து 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கிளாக்டனில் ஏற்பட்ட மொத்தச் சேதம் சுமார் 500 பவுன் என்பது அதிலிருந்து தெரிகிறது. நாடே நாசமாகிவிட்டது என்று கதறினார்களே, அந்த நாசத்தின் விலை 500 பவுன்!

இதையும் பாருங்கள். 1966 அக்டோபர் 21-ம் தேதி, வேல்ஸ் பகுதியின் அபர்வான் கிராமத்தில், மலைமேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். சுரங்கக் கழிவை அங்கே கொட்டிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை தெளிவாகச் சொல்லிற்று. எத்தனை அதிகாரி சிறைக்குப் போனார்? ஒருவர்கூட இல்லை. எத்தனை பேருக்கு வேலை போயிற்று? ஒருவருக்கும் இல்லை!

கண்ணாடியை உடைத்தவனுக்குச் சிறை. பள்ளிக்கூடத்தைப் புதைத்தவனுக்குப் பதவி. இந்தச் சமூகம்தான் வாலிபனைப் பார்த்து, "ஒழுக்கமில்லை" என்று விரலை நீட்டியது!

வாலிபன் ஒரு சந்தை

பெரிய மனிதர்கள் இப்படி வைதுகொண்டிருந்தபோது, வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1959-ல் மார்க் ஏப்ரம்ஸ் என்ற சந்தை ஆராய்ச்சிக்காரர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதை அச்சிட்டது ஒரு விளம்பரக் கம்பெனி. வாலிப வயதினர் ஆண்டுக்கு 80 கோடி பவுனுக்கும் மேல் தங்கள் இஷ்டப்படி செலவழிக்கிறார்கள் என்பதே அதில் கண்ட சேதி. அதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு தொழிலாளி வர்க்க வாலிபர்களின் ருசியையொட்டி நடக்கும் செலவு என்றும் அவர் சொன்னார். இசைத்தட்டு, சினிமா, உடை, சிகரெட், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில் அடக்கம்.

அதுவரை அந்தப் பையன் ஆலையில் ஒரு கை. அன்று முதல் அவன் சந்தையில் ஒரு பையும் ஆனான். கையைப் பகலில் பிழிந்தார்கள், பையை மாலையில் பிழிந்தார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தை இதுதான்!

பாடியவனுக்காவது பணம் கிடைத்ததா? 1962-ல் லிவர்பூல் நகரத்தின் பீட்டில்ஸ் வாலிபர்கள் நால்வர் இ.எம்.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். ஓர் இசைத்தட்டு ஆறு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அதாவது எழுபத்திரண்டு பென்னிக்கு மேல். அதில் பாடியவர்களின் பங்கு ஒரு பென்னி. ஆளுக்கு அல்ல, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பென்னி! ஆளுக்குக் கால் பென்னி! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் கிராமத்தில் சொல்வது லண்டன் பட்டணத்திலும் பலித்தது. பிற்பாடு அவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். மெய்தான். லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்தது என்பதற்காக, சீட்டு வாங்கிய ஊரே பிழைத்துவிட்டது என்று சொல்லலாமா?

'தனித்துவம்' என்ற சரக்கை எப்படி விற்றார்கள் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சியம் இருக்கிறது. அது நம் கைத்தறியையே தொட்டது. 1960-களில் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடையே 'மெட்ராஸ்' கட்டம்போட்ட சட்டை ஒரு மோகமாகப் பரவியது. நம் நெசவாளி தறிக்குழியில் கால் மரத்துப்போக நெய்த, நாம் கைலியாகக் கட்டுகிற, அதே துணிதான். அந்தத் துணியில் சாயம் போகும். நம் ஊரில் சாயம் போனால் கடைக்காரனைக் கேள்வி கேட்போம். அங்கே வியாபாரி என்ன செய்தான்? சாயம் நிச்சயம் போகும் என்பதையே விளம்பரம் ஆக்கினான்! துவைக்கத் துவைக்க நிறம் கலங்கி மாறுமாம். ஒருவன் சட்டையைப் போல இன்னொருவன் சட்டை இராதாம். உன்னுடையது உனக்கே உரிய சட்டையாம்!

பேஷ்! ஒரே சட்டையை லட்சக்கணக்கில் விற்று, ஒவ்வொருவனிடமும் "உன்னுடையது மட்டும் தனி" என்று சொல்லிவிட்டான். விலையை ஏற்றியது அந்த ஒரு வார்த்தை. நெய்தவன் கூலியை அது ஏற்றவில்லை.

அசல் எங்கே பிறந்தது?

அப்படியானால் அந்த வாலிபர்களிடம் அசல் என்று ஒன்றுமே இல்லையா? எல்லாம் வியாபாரி ஆட்டிவைத்த பொம்மலாட்டமா? அப்படிச் சொல்வது பெரிய மனிதரின் வசையை நாமும் சேர்ந்து பாடுவதாகும். அசல் இருந்தது. அது பிறந்த இடத்தைத்தான் மறைத்துவிட்டார்கள்.

1956-ஐ ஒட்டி பிரிட்டனில் 'ஸ்கிபில்' என்ற பாட்டு முறை காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்க நீக்ரோ மக்களின் உழைப்புப் பாடல்களும் சிறைப் பாடல்களுமே அதன் வேர். வாத்தியம் வாங்க அந்தப் பையன்களிடம் காசு ஏது? துணி துவைக்கும் தகரப் பலகையை விரலால் உரசித் தாளம் போட்டார்கள். காலித் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பை நட்டு, கயிற்றைக் கட்டி, மீட்டினார்கள். பீட்டில்ஸ் வாலிபர்களுக்கு முன்னோடியான பள்ளிக்கூடக் குழுவிலும் அந்தத் தேயிலைப் பெட்டி இருந்தது. அஸ்ஸாமிலும் இலங்கை மலையகத்திலும் நம் மக்கள் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்து நிரப்பி அனுப்பிய பெட்டிகள் அப்படிப்பட்டவைதான். கருப்பு அடிமையின் பாட்டு, தோட்டத் தொழிலாளியின் பெட்டி, லிவர்பூல் ஏழையின் விரல் - மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சத்தம் வந்தது. எந்தக் கம்பெனியின் மேனேஜரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு கதை, இதைவிடக் கொடியது. பர்மிங்காம் நகரம், 1965. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வேலை செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்த்தான். கிட்டார் வாசிப்பதில் ஆசை. ஆலையை விட்டுவிட்டுக் கச்சேரிக் குழுவோடு போக முடிவு செய்தான். அன்றுதான் அவனுக்குக் கடைசி நாள். வழக்கமாக நிற்கும் ஆள் வராததால் அவனுக்குப் பழக்கமில்லாத மிஷினில் அவனை நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியது. வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவன் இடதுகைக்காரன். தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான்.

தோழர்களே, கார்டிங் மிஷினிலும் கரும்பு மிஷினிலும் கதிரடிக்கும் மிஷினிலும் விரல் கொடுத்தவர்களை நாம் அறிவோம். பழக்கமில்லாத மிஷினில் ஆளை நிறுத்துவது எப்படி நடக்கிறது என்பதையும் அறிவோம். அந்தப் பையனின் கையில் நடந்ததை விளக்க வேறு யாரும் நமக்குத் தேவையில்லை.

அவன் கிட்டாரை விடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு இரண்டு தொப்பிகள் செய்தான். பழைய தோல் சட்டையிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினான். கனத்த தந்தியை அழுத்தினால் வலி. ஆகவே மெல்லிய தந்திகளைப் போட்டான். பின்னால் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையே கீழே இறக்கினான். ஒரு புது ஒலி பிறந்தது. ஆழமான, கனமான, ஆலைச் சம்மட்டி இறங்குவது போன்ற ஒலி. அதே நகரத்தின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள் மூவரோடு சேர்ந்து அவன் அமைத்த 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்தது. பாடியவன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவன். உலகமெங்கும் 'ஹெவி மெட்டல்' என்று கோடிக்கணக்கான வாலிபர்கள் ஆடுகிற இசைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் இவர்கள்.

அசல் எது என்று கேட்டார்களே, இதோ அசல்! "நான் எல்லாரையும் விட வித்தியாசமாக இருக்க வேண்டும்" என்று அவன் கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கவில்லை. ஆலை அவன் விரலைத் தின்றது. மிச்சமிருந்ததை வைத்து அவன் தன் வேலையைச் செய்தான். வேறு வழியில்லாதவன் கண்ட வழி, புதிய வழியாக இருந்தது. அதைப் பார்த்து ஆயிரம் பேர் தந்தியைத் தளர்த்தினார்கள். அது வெறும் காப்பியா? அண்ணன் கண்ட வழியில் தம்பிகள் நடந்தார்கள். நம் தெம்மாங்கும் நடவுப் பாட்டும் பிறந்ததும் வளர்ந்ததும் அப்படித்தான். முதலில் பாடியது யார் என்று எந்த நடவுக்காரியும் பத்திரம் எழுதி வைக்கவில்லை.

ஒரு ஜோடி பூட்ஸின் சரித்திரம்

உழைப்பாளியிடமிருந்து பிறந்தது எப்படிக் கைமாறுகிறது? ஒரு ஜோடி பூட்ஸைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

1960 ஏப்ரல் 1-ம் தேதி இங்கிலாந்தில் வொலாஸ்டன் என்ற ஊரின் செருப்பு ஆலையிலிருந்து 'டாக்டர் மார்ட்டென்ஸ்' பூட்ஸ் வெளிவந்தது. காற்று அடைத்த மெத்தென்ற அடி. விலை சுமார் 2 பவுன். தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் நாள் முழுவதும் நின்று நடப்பதற்காக வாங்கினார்கள். 1960-களின் கடைசியில் தொழிலாளிப் பிள்ளைகளான ஸ்கின்ஹெட்கள் தகப்பன்மாரின் அந்த பூட்ஸையே பெருமையாகப் போட்டார்கள். "நாங்கள் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள், அதை மறைக்க மாட்டோம்" என்பதே அதன் அர்த்தம். பிறகு பங்க் கூட்டம் போட்டது. அதற்குப் பிறகு கலகக்காரனுக்கு அதுவே அடையாளம் ஆயிற்று. பூட்ஸின் விலையும் மதிப்பும் ஏறின.

2003-ல் கம்பெனி பிரிட்டனில் உற்பத்தியை நிறுத்தி, சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் கொண்டுபோயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று. பின்னால் ஒரு சிறு பகுதி மட்டும் திரும்பி வந்தது. 2014-ல் ஒரு முதலீட்டுக் கம்பெனி இந்த பூட்ஸ் கம்பெனியை 30 கோடி பவுனுக்கு வாங்கிக்கொண்டது. 2021 ஜனவரியில் லண்டன் பங்குச் சந்தையில் பங்குகளை விற்றபோது போட்ட மதிப்பு சுமார் 370 கோடி பவுன்! ஏழே ஆண்டில் பன்னிரண்டு மடங்கு!

அந்தப் பன்னிரண்டு மடங்கில் எது தோலின் விலை? எது தையலின் விலை? தோலும் தையலும் அப்படி ஏறவில்லை. ஏறியது அந்த பூட்ஸின் பேர். அந்தப் பேரை உண்டாக்கியவர்கள் யார்? தபால்காரனின் காலும், ஆலைத் தொழிலாளியின் காலும், தெருவில் ஆடிய வாலிபனின் காலும்தானே! அவர்களுக்கு ஒரு பென்னி பங்கு உண்டா?

வங்கி அட்டையில் கலகம்

பங்க் கூட்டத்தின் கதையையும் கேளுங்கள். 1976-77. பிரிட்டனில் வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆலை வாசலும் மூடிக் கிடந்தது. கிழிந்த சட்டையைச் சேஃப்டி பின்னால் குத்திக்கொண்டு, ஆத்திரத்தையே பாட்டாக்கினார்கள். 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழுவை இ.எம்.ஐ. கம்பெனி 1976-ல் ஒப்பந்தம் செய்து, கெட்ட பேர் வந்ததும் 1977 ஜனவரியில் வெளியே தள்ளியது. மார்ச்சில் இன்னொரு கம்பெனி ஒரே வாரத்தில் கைகழுவியது. கடைசியில் வர்ஜின் கம்பெனி எடுத்துக்கொண்டது. ராணியின் வெள்ளி விழாவைக் கேலி செய்த அவர்களின் இசைத்தட்டை பி.பி.சி. தடை செய்தது. தடையையும் மீறி அது விற்பனையில் இரண்டாம் இடத்துக்கு வந்தது.

ஆனால் முடிவு என்ன? 1992-ல் வர்ஜின் இசைக் கம்பெனி 50 கோடி பவுனுக்கும் மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியது யார் தெரியுமா? அதே இ.எம்.ஐ.! வாசல் வழியாக வெளியே தள்ளிய கலகத்தை ஜன்னல் வழியாக விலை கொடுத்து உள்ளே கொண்டுவந்தார்கள். அதோடு நிற்கவில்லை. 2015-ல் வர்ஜின் பேரில் நடக்கும் வங்கி, அந்தக் குழுவின் இசைத்தட்டு அட்டைப்படத்தையே அச்சடித்துக் கடன் அட்டை வெளியிட்டது! கலகம் செய், தம்பி! வட்டியை மட்டும் மறக்காமல் கட்டிவிடு!

இதற்கு நேர்மாறான ஒரு காரியமும் அந்த நாளில் நடந்தது. மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' என்ற குழு எந்தக் கம்பெனியின் வாசலிலும் நிற்கவில்லை. தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுன் கடன் வாங்கி, தாங்களே ஆயிரம் இசைத்தட்டுகளை அச்சடித்து, 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். மேலும் மேலும் அச்சடித்து 16,000 வரை விற்றது. "நம்மாலும் முடியும்" என்று ஊர் ஊராக வாலிபர்கள் கிளம்பினார்கள். பங்க் கூட்டத்தில் நாம் மதிக்க வேண்டியது இதை. கிழிந்த சட்டை கடையில் தைத்து விற்கும் சரக்காகிவிட்டது. தாங்களே கூடித் தாங்களே செய்யும் வழி மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஒரே அச்சா? ஒற்றுமையா?

இப்போது விஷயத்தின் நெஞ்சுக்கு வருவோம்.

"தனித்துவம் பேசுகிறான், ஆனால் பத்துப் பேரும் ஒரே உடையில் திரிகிறான்" என்று வாலிபனைக் கேலி செய்கிறார்கள். ஒன்றுபோல் இருப்பது தானே குற்றமாகிவிடாது. வேலைநிறுத்த நாளில் ஆயிரம் தொழிலாளிகள் ஒரே கோஷம் போடுகிறோம், ஒரே கொடியின் கீழ் நடக்கிறோம். அதை யாராவது "சொந்த புத்தி இல்லாத கூட்டம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? முதலாளி அப்படித்தான் சொல்கிறான்! கேட்க வேண்டியது வேறு. யார் சொல்லி ஒன்றுபோல் நிற்கிறாய்? யாருக்கு எதிராக நிற்கிறாய்?

இந்தக் கேள்விக்கு ஸ்கின்ஹெட்களின் சரித்திரம் ரத்தத்தில் பதில் எழுதியிருக்கிறது. அவர்கள் ஆடியது ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த கருப்புத் தொழிலாளிகளின் இசைக்கு. குட்டை முடி, மடித்த கால்சட்டை என்று அந்த ஜமைக்கா வாலிபர்களின் தோற்றத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே 1969-70-களில், கருப்பர் பாட்டுக்கு ஆடிய அதே பூட்ஸ் கால்கள், இந்திய, பாகிஸ்தானியத் தொழிலாளிகளைத் தெருவில் துரத்தி உதைத்தன. உடை உழைப்பாளி உடை, பாட்டு அண்டை வீட்டான் பாட்டு. மூளையில் மட்டும் எஜமானன் விதைத்த விஷம்! "உன் வேலையைப் பறித்தவன் அவன்" என்ற பொய்யை நம்பினார்கள். ஆலையை மூடியவன் பத்திரமாக மாளிகையில் இருந்தான். 1970-களின் கடைசியில் 'நேஷனல் பிரண்ட்' என்ற இனவெறிக் கட்சி கால்பந்து மைதானங்களிலும் கச்சேரிகளிலும் இந்தப் பையன்களை ஆள் பிடித்தது.

எதிர்த்து நின்றவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் என்ற புகழ்பெற்ற கிட்டார்காரர் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். கருப்பர்களின் புளூஸ் இசையால் பேரும் பணமும் சம்பாதித்தவர்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறு எது? கொதித்தெழுந்தவர்கள் 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளையரின் பங்க் குழுவும் கருப்பரின் ரெகே குழுவும் ஒரே மேடையில் ஏறின. 1978 ஏப்ரல் 30-ல் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்கு எண்பதாயிரம் பேருக்குக் குறையாமல் ஊர்வலம் போய்ப் பாட்டுக் கேட்டார்கள்.

அதற்கு நாலாம் நாள், மே 4. அதே கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற இளம் வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வாலிப வயதுப் பையன்கள் மூவர் அவரைக் குத்திக் கொன்றார்கள். வேறு காரணம் ஒன்றுமில்லை. தோலின் நிறமே காரணம்.

பாட்டு கத்தியை நிறுத்தவில்லை, தோழர்களே. இதை மறைப்பதில் பயனில்லை. பாட்டு மட்டும் ஒருபோதும் நிறுத்தாது. ஆனால் பத்து நாள் கழித்து, மே 14-ல், சுமார் ஏழாயிரம் மக்கள் அவர் சவப்பெட்டியின் பின்னால் பிரதம மந்திரியின் வீட்டை நோக்கி மழையில் நடந்தார்கள். பயந்து ஒதுங்கியிருந்த வங்காளித் தொழிலாளிகள் கடைகளையும் பட்டறைகளையும் அடைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கிளாப்டன் பேசிய அதே 1976 ஆகஸ்டில்தான், லண்டன் கிரன்விக் புகைப்பட ஆலையில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்தி அம்மையார் தலைமையில் இந்தியப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வெள்ளைத் தபால்காரர்கள் அந்த ஆலையின் தபாலைத் தொட மறுத்தார்கள். வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள் வண்டி ஏறி வந்து சேலை கட்டிய பெண்களோடு வாசலில் நின்றார்கள். வேலைநிறுத்தம் 1978-ல் வெற்றி பெறாமலே முடிந்தது. ஆனால் யார் யாரோடு நிற்க வேண்டும் என்பதை ஒரு நாடே பார்த்தது. 1979 பொதுத் தேர்தலில் 303 தொகுதிகளில் நின்ற நேஷனல் பிரண்ட் ஓர் இடத்திலும் வெல்லவில்லை. அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. மேடையில் ஒன்றாகப் பாடியதும், வாசலில் ஒன்றாக நின்றதும், தெருவில் ஒன்றாக நடந்ததும் அவற்றில் சேர்ந்தவையே.

ஸ்கின்ஹெட் உடையைப் போட்டுக்கொண்டே இனவெறியை எதிர்த்த வாலிபர்களும் இருந்தார்கள். கத்தி எடுத்தவனும் எதிர்த்தவனும் ஒரே பூட்ஸ், ஒரே தலைவெட்டு! ஆகவே உடையைப் பார்த்து மனிதனை எடைபோடுகிற பெரிய மனிதரின் தராசு பொய்த் தராசு. உடையை வாங்கினால் தனி மனிதன் ஆகலாம் என்கிற வியாபாரியின் தராசும் பொய்த் தராசு.

நாம் சொல்வது

1970-களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஹால் முதலிய அறிஞர்கள் இந்த வாலிபர் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். தகப்பனின் வேலை போயிற்று, பழைய தெரு இடிபட்டது, வீட்டில் நிலைமை மாறியது. இந்தச் சங்கடத்துக்குத் தெருவில் பிள்ளைகள் தேடிய விடைதான் அந்த உடையும் பாட்டும் என்று அவர்கள் விளக்கினார்கள். சங்கடம் மெய்யானது. விடை மட்டும் கற்பனையில் கண்ட விடை. முடியை வளர்த்தாலும் கூலி உயராது, மொட்டை அடித்தாலும் உயராது. அதனால் அந்த ஆத்திரம் பொய் என்று ஆகிவிடாது.

இன்று உலகத்தின் இசை வியாபாரத்தில் பெரும் பங்கு யூனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது. அவர்கள் நம் பிள்ளையின் காதில் "நீ தனி, நீ தனி" என்று ஓதுகிறார்கள். தனித்தனியாக நிற்கிறவனிடம் விற்பது சுலபம். தனித்தனியாக நிற்கிறவனின் கூலியை வெட்டுவதும் சுலபம்!

ஆகவே வீட்டுக்கு வந்த பிள்ளையின் தலைமுடியைப் பார்த்ததும் கையை ஓங்காதீர்கள். உட்காரச் சொல்லிக் கேளுங்கள். தம்பி, நீ கேட்கிற இந்தப் பாட்டை யார் எந்தக் கஷ்டத்தில் உண்டாக்கினார்கள்? நீ கொடுத்த காசில் அவர்களுக்கு எத்தனை, கம்பெனிக்கு எத்தனை? இந்தக் கூட்டத்தில் சேர்ந்தபின் நீ யாரை வெறுக்கக் கற்றுக்கொண்டாய்? அடுத்த தெருவானையா, வேறு சாதிக்காரனையா, பிழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளியையா? கடைசிக் கேள்விக்கு அவன் தலைகுனிந்தால் அங்கே கவலைப்படுங்கள். தலைமுடிக்காகக் கவலை வேண்டாம், அது தானே வளரும், தானே உதிரும்.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாடுங்கள், ஆடுங்கள், பிடித்ததை உடுத்துங்கள். உங்கள் ஆத்திரத்தை எந்தக் கடைக்காரனிடமும் விற்றுவிடாதீர்கள். பெட்டியையும் கயிற்றையும் வைத்துப் பாடிய பையன்கள் உங்கள் இனம். விரல் போன கையோடு தந்தியைத் தளர்த்தியவன் உங்கள் இனம். அல்தாப் அலியின் பெட்டிக்குப் பின்னால் மழையில் நடந்த ஏழாயிரம் பேரும் உங்கள் இனம். உங்கள் பாட்டை நீங்களே கட்டுங்கள். கட்டிய பாட்டை ஆலை வாசலுக்கும் களத்து மேட்டுக்கும் கொண்டு வாருங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்!